முப்பது பாகையில் தொங்கிய அரிசி மூட்டை

விசைப் பாடத்துக்குப் பரீட்சை வைத்து, நாற்பது புள்ளி எடுக்காதவர்களைக் கலைப் பிரிவுக்கு மாற்றிவிடுவதாக பௌதிகவியல் சேர் சொல்லிவிட்டார். எனக்கு இருந்தது மூன்று வாரம். ஏற்கெனவே ஒரு முறை இருபத்தெட்டு எடுத்திருந்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து உயர்தர வகுப்புக்குக் கணக்கு, பௌதிகம் என்று போனது நான் ஒருத்திதான். விட்டுக்கொடுக்கிற எண்ணமே எனக்கு இல்லை.

கையில் இருந்த ஒரே பயிற்சிப் புத்தகத்தை இரண்டு தடவை செய்து முடித்தாயிற்று. கேள்வியைப் பார்த்ததுமே விடை ஞாபகத்துக்கு வந்தது. அது படிப்பா? ஹட்டனில் நான்கு புத்தகக் கடை ஏறி இறங்கினேன். நான்கிலும் அதே புத்தகத்தை எடுத்து நீட்டினார்கள். போனில் இறக்கிய வினாத்தாள்களில் படங்கள் மங்கிக் கிடந்தன.

சரி, கேள்வியை நானே செய்துகொள்கிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்குப் போனேன். கணக்கப்பிள்ளை சந்தேகமாகப் பார்த்தார்.

"தராச வச்சு என்னம்மா செய்யப் போற?"

"பரீட்சைக்குங்க ஐயா."

சிரித்துவிட்டுத் திறந்துவிட்டார்.

அம்மா துணைக்கு வந்தாள். உத்தரத்தில் இரண்டு கயிறு கட்டி, நடுவில் பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டோம். ஒரு கயிற்றின் இடையில், கொக்கியும் முள்ளும் உள்ள அந்தத் தராசு. இரண்டு கயிறும் உத்தரத்தோடு முப்பது பாகை. என் கணக்குப்படி ஒவ்வொரு கயிற்றிலும் ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இழுவை இருக்க வேண்டும். முள் பத்தில் நின்றது.

"அந்தத் தராசு என்னைக்குடி சரியா காட்டியிருக்கு?" என்றாள் அம்மா.

எனக்கும் அதுதான் தோன்றியது. ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் எடையைக் கழித்துக்கொண்டே இருப்பதால், தோட்டத்தில் கொழுந்தெடுக்கிற யாரும் அந்தத் தராசை நம்புவதில்லை. பிழை அதன் மேல் என்றதும் நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் புத்தகத்தில் விடை ஒத்துவராதபோதெல்லாம் நான் இதைத்தான் செய்திருக்கிறேன் என்பது சட்டென்று உறைத்தது. பின்பக்கத்து விடையைப் பார்த்து, வழியை அதற்கேற்ப வளைத்துவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவேன். வெட்கமாக இருந்தது.

மூட்டையைத் தராசில் நேராக மாட்டிப் பார்த்தேன். பத்து. கயிறுகளை நெருக்கிக் கட்டி, கோணத்தை அறுபதாக்கினேன். முள் ஆறுக்குக் கொஞ்சம் கீழே இறங்கியது. முப்பதுக்கு நான் போட்டிருந்த விடை அப்படியே அங்கே நின்றது! சைன் போட வேண்டிய இடத்தில் கோசைன் போட்டிருக்கிறேன். கோணம் எங்கிருந்து அளக்கப்பட்டது என்று பார்க்காமலே, மேல்நோக்கிய கூறு என்றால் கோசைன் என்று கை தானாக எழுதிவிடும். இருபத்தெட்டுப் புள்ளிக்குக் காரணம் அதுதான்.

அன்றைக்கே விடைப் பக்கங்களைக் கிழித்து அம்மாவிடம் கொடுத்து, கேட்டாலும் தராதே என்றேன். அதே பழைய புத்தகத்தை முதலிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு படத்திலும் கோணம் எங்கிருந்து தொடங்குகிறது என்று முதலில் விரலை வைத்துப் பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் பேனா. இரண்டு கேள்விகளுக்கு நான் கெஞ்சியும் அம்மா விடை தரவில்லை.

பரீட்சையில் அறுபத்தொன்று எடுத்தேன். மலையிலிருந்து கூடையோடு இறங்கிய அம்மாவிடம் பாதையிலேயே சொன்னேன்.

"தராசு சரியாத்தான் காட்டிச்சும்மா. நான்தான் பிழை."

கூடையை இறக்கி வைத்துவிட்டு என் கன்னத்தைத் தடவினாள்.

"ஒனக்காவது சரியா காட்டிச்சே" என்றாள்.