வேலியில் தொங்கிய பம்பளிமாஸ்

முதலில் வந்தது அரிப்புதான். மிளகு பறிக்கும் காலம். உள்ளங்கை அரித்தால் கொடியைத்தான் திட்டுவோம். நானும் திட்டினேன். கண் மஞ்சளான பிறகுதான் மலையிறங்கி நகரத்து மருத்துவமனைக்குப் போனேன். சிரோசிஸ் (ஈரல் சுருங்கி இறுகிப்போவது) என்றார்கள். சாராயத்தை மோந்துகூடப் பார்க்காதவளை ஊரே ஒரு மாதிரி பார்த்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்கும் நோய் இது என்று எத்தனை பேருக்குத்தான் விளக்குவது? விட்டுவிட்டேன்.

இறந்துபோன யாரோ ஒருவரின் ஈரலை எனக்கு வைத்தார்கள். சில மாதம் கழித்து மலைமேல் எடப்புளி நாட்டில் (சில ஊர்கள் சேர்ந்ததை எங்கள் மலையில் நாடு என்போம்) உள்ள வீட்டுக்குத் திரும்பினேன். கணவர் லாரி ஓட்டுகிறார். லோடு ஏற்றிப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். தொற்று வரும், ஆட்களைச் சேர்க்காதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டேன்.

இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். அறுவை சிகிச்சையின் வலியைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். இந்தச் சாத்திய கதவைப் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள்.

உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க எங்கள் பக்கம் யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. பக்கத்துக் காட்டுப் பாப்பாத்தி அக்கா, தன் மரத்துப் பம்பளிமாஸை (தேங்காய் பருமனுக்கு, ஆரஞ்சு போலச் சுளையுள்ள பழம்) பையில் போட்டு வேலியில் மாட்டிவிட்டுக் குரல் கொடுப்பார்.

"கண்ணு, பழம் வெச்சிருக்கறன். வாய்க்கசப்புக்கு நல்லாருக்கும், தின்னு."

அந்தக் குரலுக்காகக் காத்திருப்பேன். சுளையை உரித்துத் தின்னும்போது யாரோ கூட உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

பிறகு கை நடுங்கத் தொடங்கியது. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் இளம் மருத்துவர் என்னைத் தொடவே தயங்கினார்.

"உங்கள எப்படிப் பாக்கறதுன்னு எனக்குத் தெரியலைங்கம்மா. தப்பா ஒரு மருந்து குடுத்துட்டா என்ன பண்றது?"

மறுபடி கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினேன். டாக்ரோலிமஸ் (உடம்பு புது ஈரலை எதிர்க்காமல் தடுக்கும் மாத்திரை) ரத்தத்தில் அளவுக்கு மீறி இருந்தது, சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருந்தது. நகரத்தில் படுத்திருந்தால் அளவு இறங்கும். வீடு வந்தால் ஏறும். கூடுதலாக விழுங்குகிறேனோ என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். கடைசியில், மலையை விட்டு வந்துவிடுங்கள் என்றார் பெரிய மருத்துவர். எனக்கு இருந்ததே அந்த வீடும் வேலிக்கப்பாலிருந்து வரும் ஒரு குரலும்தான்.

அதற்குள் எங்கள் இளம் மருத்துவர் கல்லீரல் மாற்று நோயாளிகளைக் கவனிக்கும் சிறப்புப் பயிற்சிக்குப் போய்த் திரும்பியிருந்தார். வீட்டைக் காலி செய்து கிளம்பும் முன் அவரைப் பார்க்கப் போனேன். இந்தமுறை தயங்கவில்லை. வயிற்றில் கைவைத்து நிதானமாக அழுத்திப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"ஊட்டைச் சுத்தி என்ன மரமெல்லாம் இருக்குதுங்கம்மா?"

சொன்னேன். பம்பளிமாஸ் என்றதும் நிமிர்ந்தார்.

"பயிற்சியில ஒரு வெளிநாட்டுப் பழத்தைக் காட்டுனாங்க. அதைத் தின்னா இந்த மாத்திரையோட மருந்து உடைஞ்சு வெளியேறாம ரத்தத்துல தேங்கிருமாம். பாத்ததுமே நம்ம பம்பளிமாஸ்தான் ஞாபகம் வந்துச்சு. ரெண்டும் ஒரே சாதிங்கம்மா. அதை விட்டுட்டீங்கன்னா மலையிலயே இருக்கலாம். நான் பாத்துக்கறேன்."

அழுதேன். சிறுநீரகத்துக்காக என்று அவர் நினைத்துக்கொண்டார்; நான் வேலிக்கப்பாலிருந்து வரும் குரலை நினைத்துக்கொண்டேன்.

வேலியோரம் நின்று அக்காவிடம் சொன்னேன். மாட்டிய பையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். அதன்பின் வரவில்லை. கை நடுக்கம் நின்றது. சோதனையில் அளவும் சரியாக இருந்தது. காலை மாத்திரை, மாலை மாத்திரை. இரண்டுக்கும் நடுவே வேலியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு மாலை அக்கா வந்தார். கைகளை முந்தானைக்குள் மறைத்திருந்தார்.

"வெறுங்கையோட எப்படி வாரதுன்னு கூச்சமா இருந்துச்சு கண்ணு."

"நீங்க வந்தாப் போதுமுங்கக்கா."

வேலிக்கு அப்பால் ஒரு கல்லில் உட்கார்ந்தார், இப்பால் நான். அவர் முன்னால் மாத்திரையை விழுங்கினேன். டம்ளர் ஆடவில்லை. இருட்டியதும் எழுந்து போனார். இனி காலை மாத்திரை வரை, என் விலாவுக்கடியில் ஈரலாக இருக்கும் பெயர் தெரியாத அந்த ஒருவரும் நானும் மட்டும்தான்.