டயட்டுக்குத் தமிழ்

இங்கிலாந்துக்கு வந்து நான் வாங்கிய முதல் பொருள் ஒரு தராசு. உள்ளங்கை அகலம்தான் இருக்கும், பற்றறியில் ஓடுவது. ஐந்து பேர் பங்குபோடும் குசினியில், அடுப்பை மூட்டுவதற்கு முன்பு அரிசியை அதில் கொட்டி எண்பது கிராம் பார்க்கிறேன். ஊரில் அரிசியைச் சுண்டால் அளந்து, யாராவது வந்தால் வேண்டுமே என்று ஒரு கைப்பிடி கூடப் போடுவார்கள். இங்கே தராசு எண்பத்து நான்கு என்று காட்டினால், நான் நாலு கிராமைக் கிள்ளித் திரும்பப் பைக்குள் போடுகிறேன். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். என்னைப் போல வந்து சேர்ந்தவர்கள் சிரிக்கமாட்டீர்கள்.

நான் உடற்பயிற்சிப் பைத்தியம். அது இங்கே வந்து பிடித்ததல்ல. எங்கள் ஊர் கண்டாவளையில், வீட்டுப் பின்பக்கக் கோடிக்குள் இரண்டு பெயின்ற் வாளிகளில் சீமெந்து நிரப்பி, நடுவே ஒரு குழாயைச் சொருகி வைத்திருந்தேன். விடிந்ததும் அதைத் தூக்குவேன். அம்மா பச்சை முட்டையை உடைத்து நல்லெண்ணெயோடு கொண்டுவந்து நீட்டுவார். எங்கள் பக்கத்தில் அது வயதுக்கு வந்து பெரியபிள்ளையான பெண்பிள்ளைகளுக்குக் கொடுப்பது. "அம்மா, இவனுக்கு எப்ப சாமத்தியவீடு?" என்று அக்கா கேட்பாள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்குவேன். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் முட்டை கிடையாது. அன்றைக்கு எங்கள் வீட்டுச் சட்டியில் மீன், இறைச்சி, முட்டை என்று மச்சம் எதுவும் ஏறாது.

என் கை திரளத் திரள அம்மாவுக்கு முகம் மலரும். போர் முடிந்து எங்களை அடைத்த முட்கம்பி முகாமில், ஆறு வயதில், விலா எலும்பு தெரிய நான் பருப்புக்கும் சோற்றுக்கும் கோப்பை ஏந்தி வரிசையில் நின்றதைப் பார்த்தவர் அவர். அப்பா அந்த முகாம்வரை வந்து சேரவில்லை. அதன் பிறகு பிள்ளை உடம்பு வைத்தால் போதும் என்பதுதான் அம்மாவின் ஒரே அரசியல்.

மாணவர் விசாவில் படிப்பு நடக்கும் காலத்தில் ஒரு கிழமையின் ஏழு நாளுக்கும் சேர்த்து இருபது மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். நான் விடியற்காலையில் ஒரு ஜிம்மில் துப்புரவு வேலை செய்கிறேன். வேலை செய்கிறவர்களுக்கு அங்கே பயிற்சி இலவசம் என்பதால் பிடித்துக்கொண்ட வேலை. ஒருநாள் துடைப்பத்தோடு நின்றபோது, அதன் முகாமையாளர் கிறெக் என்னை மேலும் கீழும் பார்த்து, "லுக்கிங் டிறை, மேட்" என்றார். தரையைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "நோ, நோ, ஸ்ரில் வெற்" என்று எச்சரிக்கைப் பலகையை அவர் காலடிக்கு நகர்த்தினேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகுதான் விளங்கியது. கொழுப்பும் நீரும் வற்றித் தசை தனித்தனியாகத் தெரியும் உடம்பை இவர்கள் காய்ந்தது என்று புகழ்கிறார்கள். எங்கள் ஊரில் ஒருவன் காய்ந்துபோனான் என்றால், அவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அர்த்தம். எனக்கு அன்றைக்கு அந்தச் சொல் இனித்தது. இன்னும் ஆறு கிழமை இப்படியே இறங்கினால் என்னைப் படமெடுத்துச் சுவரில் போட்டு, பயிற்றுநரின் உதவியாளாக எடுப்பதாக கிறெக் சொன்னார். துடைப்பத்தை வைத்துவிடலாம், சம்பளமும் கூட.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். அறை வாடகை போன பிறகு என் கையில் மிஞ்சுவது அந்த எண்பது கிராமுக்குத்தான் காணும். நாள் முடியப்போகிற கோழிக்குக் கடையில் மஞ்சள் ஸ்ரிக்கர் ஒட்டி விலை குறைக்கும் நேரம் எனக்குப் பாடம். முகாமில் வாந்தி வருமட்டும் தின்ற பருப்பை இங்கே புரதம் என்று கூப்பிடுகிறேன். பசிக்கிறது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. டயட் என்று சொன்னபோது எல்லாரும் கெட்டிக்காரன் என்றார்கள்.

அம்மா வீடியோவில் என் முகத்தைக் கண்டு பதறியது அந்த நாட்களில்தான்.

"என்ன தம்பி, கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு?"

"டயட்டில இருக்கிறன் அம்மா."

"அதென்ன?"

"பத்தியம் மாதிரித்தான்."

"என்ன வருத்தம் ராசா உனக்கு?"

"ஒரு வருத்தமும் இல்லை. சும்மா பத்தியம்."

சும்மா பத்தியம்! எங்கள் ஊரில் யார் சும்மா பத்தியம் இருக்கிறார்கள்? பிள்ளை பெற்றவள் இருப்பாள், செங்கண்மாரி வந்தவன் இருப்பான், நாட்டு மருந்து குடிக்கிறவன் இருப்பான். டயட்டுக்கு நல்ல தமிழ்ச் சொல் கிடைத்த சந்தோசத்தில் எனக்கு அது உறைக்கவில்லை. வெளிநாட்டில் தனியே கிடந்து ஏதோ நோயை மறைக்கிறேன் என்று அம்மா முடிவுகட்டிவிட்டார். ஒவ்வொரு ஞாயிறும் "பத்தியம் முடிஞ்சுதோ?" என்று கேட்பார். இன்னும் ஆறு கிழமை என்றேன். அது முடிந்தபோது கிறெக் என் இடுப்பைப் பார்த்து இன்னும் கொஞ்சம் என்றார். நான் அம்மாவிடம் இன்னும் நாலு கிழமை என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். "சரி ராசா" என்று மட்டும் அம்மா சொன்னார்.

நாலாவது கிழமை முடியும்போது, நான் வகுப்பில் இருந்த நேரம், அக்கா அழைத்தாள். அவள் பரந்தனில் ஒரு உரக்கடையில் வேலை செய்கிறாள்.

"அம்மா பஸ் தரிப்பிடத்தில விழுந்திட்டா. வலது கை முறிஞ்சு போச்சு. சீனி வருத்தக் குளிசையைப் போட்டிட்டு ஒண்டும் சாப்பிடாமல் வந்திருக்கிறா, சீனி இறங்கித் தலை சுத்தியிருக்கு."

"ஏன் சாப்பிடேல்லை?"

"ஏனோ? நீ பத்தியம் எண்டியெல்லோ! அது முடியுமட்டும் தானும் ஒரு நேரம்தான் சாப்பிடுறதெண்டு அம்மனுக்கு நேத்தி வைச்சவாவாம். இரவில என்னோட சாப்பிடுறவா. பகல்ல நான் கடையில, எனக்கென்ன தெரியும்?"

பத்துக் கிழமை. அதில் நாலு கிழமையை நான் கூட்டிக் கொடுத்திருக்கிறேன். வகுப்புக்கு வெளியே படிக்கட்டில் இருந்து அழுதேன். கடந்துபோன ஒரு பெண் "ஆர் யூ ஓகே?" என்று கேட்டாள், நான் "ஓகே" என்றேன், அவள் போய்விட்டாள். நான் ஊருக்குப் போகவில்லை. வகுப்புச் சோதனை, விசா, பயணச்சீட்டு என்று காரணங்கள் சொல்லலாம். போகவில்லை என்பதுதான் உண்மை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்த அம்மாவிடம் பத்தியம் முடிந்துவிட்டது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. "வாயால சொல்லாத. சாப்பிடுறதைக் காட்டு" என்றார். அன்றிலிருந்து தினமும் எனக்குக் காலை எட்டு மணி, அம்மாவுக்கு மத்தியானம், இருவரும் வீடியோவில் எதிரெதிரே இருந்து சாப்பிடுகிறோம். தராசை நிமிர்த்தி வைத்து, அதில் தொலைபேசியைச் சாத்துகிறேன். இப்போது அது அதற்கும் உதவுகிறது. முதல் நாட்களில் அரிசியை நிறுக்காமல் அள்ளிப்போட்டுச் சமைத்தேன், பிறகு காசு இடித்ததும் திரும்ப நிறுக்கத் தொடங்கினேன். வீடு திரும்பிய அம்மா இடக்கையால் கரண்டி பிடித்துச் சாப்பிடப் பழகினார். ஜிம் சுவரில் வேறொரு பெடியனின் படம் ஏறியது. நான் பழையபடி துடைப்பத்தோடு நிற்கிறேன். கிறெக் இப்போது ஈரத் தரையை மட்டும் பார்த்துத் தாண்டிப் போகிறார்.

போன கிழமை ஒருநாள் வாடகை கட்டிவிட்டேன், சம்பளம் வரவில்லை. அரிசிப் பையை உதறிப் பார்த்தேன். கிள்ளிக் கிள்ளிப் போட்டு வைத்ததும் முடிந்திருந்தது. எட்டு மணிக்கு அம்மா அழைத்தார். தொலைபேசியில் தெரிவது முகமும் நெஞ்சும் கையும்தான், கோப்பை தெரியாது. வெறும் கோப்பையை முன்னால் வைத்து, கையை வாய்க்குக் கொண்டுபோய் மென்றேன்.

"என்ன கறி ராசா?"

"கோழியும் பருப்பும். உங்களுக்கு?"

"திருக்கைக் குழம்பு. முருங்கையிலை வறை."

கரண்டியைத் தூக்கி அம்மாவும் மென்றார். அக்கா கடையில், வீட்டில் வேறு யாரும் இல்லை. பசியில் எனக்குத் திருக்கை மீன் குழம்பின் மணமே வந்ததுபோல இருந்தது. அம்மாவுக்குப் பின்னால் சுவரில் சாமிப்படத்துக்குப் புதுப் பூ வைத்திருந்தது. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது, அன்றைக்கு வெள்ளிக்கிழமை, எங்கள் சட்டியில் மீன் ஏறாத நாள். நான் கோழி என்று சொன்னதற்கு அவர் ஏசவும் இல்லை.

"அம்மா, கோப்பையைக் காட்டுங்கோ."

அம்மா மெல்லுவதை நிறுத்தினார்.

"முதல்ல நீ காட்டு" என்றார்.

நான் காட்டவில்லை. அம்மாவும் காட்டவில்லை. திரும்பவும் கையைத் தூக்கி, இருவரும் மெல்லத் தொடங்கினோம்.