ஒரே சாக்கு

நேற்று அடுத்த வீட்டில் யாரோ மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்த வாசம், என்னைக் கண்டிக் கடைத்தெருவில் மாட்டுக் கரத்தைகள் நின்ற மூலைக்கே கொண்டுபோய்விட்டது; இன்று அங்கே மாடும் இல்லை, கரத்தையும் இல்லை.

இரண்டாவது மூட்டைக்குக் கரத்தைக்காரர் தனிக்கூலி கேட்பார் என்பதால், உம்மா மாதச் சாமானையெல்லாம் ஒரே சாக்கில்தான் கட்டுவார்: மிளகாய், கருவாடு, சவர்க்காரம், அரிசி, சாயாமல் நிற்கட்டும் என்று அந்த அரிசிக்குள்ளேயே புதைத்துவைத்த மண்ணெண்ணெய்ப் போத்தல், அதன் வாயில் கந்தைத்துணி அடைப்பு. குண்டசாலையில் எங்கள் வீடு போய்ச் சேரும்வரை, கரத்தைச் சில்லு பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் உம்மா குனிந்து சாக்கை முகர்வார். மூத்தவளான ராத்தாவும் நானும் மூச்சுவிடாமல் உம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம்.

ஒரு மழைநாள், முகரக் குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை.

"என்ன உம்மா?" என்றாள் ராத்தா.

"ஒண்டுமில்ல. வாப்பாட்ட சொல்ல வாணாம்."

அந்த அரிசியை உம்மா கழுவிக் கழுவி உலர்த்தி, மறுபடியும் கழுவிச் சமைத்தார். முதல் பிடியை வாயில் வைத்த வாப்பா, மென்றபடியே எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பீங்கானை உம்மாவின் பக்கம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க."

மாதம் முடியும்வரை அதைத்தான் தின்றோம். மண்ணெண்ணெய் வாசம் வந்தால் எனக்கு இப்போதும் பசிக்கிறது.