நல்ல நேரத்துக்கு முன்பே சூடான லாரி

என் கணவர் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லோடு அடிக்கும் டிரைவர். சொந்தமாக ஒரு பழைய டீசல் லாரி வாங்க, பாடாலூருக்குப் பார்க்கப் போனோம். "பத்தரைக்கு நல்ல நேரம், அப்ப வரோம்" என்று முதல் நாளே விற்பவருக்குப் போனில் சொல்லியிருந்தோம்.

லாரி புளியமர நிழலில் நின்றது. "ஒரு வாரமா யாரும் தொடலீங்க" என்றார் அவர். ஸ்டார்ட் செய்யும் முன் குங்குமம் வைக்கப் போனேன். ரேடியேட்டர் பக்கம் கை பட்டதும் சுட்டது.

"தொடாத வண்டி எப்படிங்க சுடுது?"

"வெயிலுங்க."

"நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல சும்மா இரு" என்று கணவர் அதட்டினார். எனக்கு மனசு கேட்கவில்லை. "ஆறட்டும், அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாலையில் சாவியைத் திருகினார்கள். வெள்ளைப் புகைதான் வந்தது, எஞ்சின் பிடிக்கவே இல்லை.

"எஞ்சின் தேஞ்சு கம்ப்ரஷன் கம்மிங்க. ஆறிட்டா ஸ்டார்ட் ஆகாது, சூடாயிட்டா ஓடும்" என்று விற்பவர் அப்போதுதான் ஒத்துக்கொண்டார். வேறு வண்டியில் கட்டி இழுத்துக் கிளப்பி, நாங்கள் வருமுன் ஓடவிட்டு வைத்திருக்கிறார். அதற்கு நேரம் குறித்துக் கொடுத்ததே நாங்கள்தான்.

இன்னும் லாரி தேடுகிறோம். இப்போதும் நல்ல நேரம் பார்த்துத்தான் கிளம்புகிறோம். விற்பவரிடம் மட்டும் அதைச் சொல்வதில்லை.