நூற்று எழுபத்து இரண்டாவது பந்து

ஜப்பானியப் பந்துவீச்சாளன் அமெரிக்கப் பெரிய லீக்கில் தாக்குப்பிடிப்பானா என்று கேட்கிறீர்களே, பதினெட்டு வயதுக்குள் அவனை எத்தனை பந்து எறிய வைத்தோம் என்று ஒரு முறையாவது கேட்டிருக்கிறீர்களா?

அங்கே பந்து வழுக்கும் என்பார்கள். இங்கே வாரத்துக்கு ஒரு நாள் எறிந்தால் போதும், அங்கே ஐந்து நாளுக்கு ஒரு முறை என்பார்கள். நம் உடம்பு அதற்குப் பத்தாது என்று, தொப்பையைத் தடவிக்கொண்டே தீர்ப்பு எழுதுவார்கள். மதுக்கடையில் இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் முரோய் தத்சுஹெய்யும் தலையாட்டியவர்தான். ஆனால் அவருடைய இடது உள்ளங்கைக்கு வேறொரு பதில் தெரிந்திருந்தது.

முரோய்க்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. தொழில்முறை பேஸ்பால் அணியொன்றில் பயிற்சிக் கொட்டகை கேட்சர். பந்துவீச்சாளர்களுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, வரும் பந்தைப் பிடித்துத் திருப்பி எறிவது வேலை. இளவயதில் ஆட்டக்காரராகத்தான் அணிக்கு வந்தார். நான்கே ஆட்டங்களோடு அது முடிந்துவிட்டது. இப்போது ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஒப்பந்தம். இவரைப் போன்றவர்களை அணியில் ‘சுவர்’ என்பார்கள். எறிந்தது திரும்பி வரும், வாய் திறக்காது.

அந்தச் சுவருக்கு ஒரு வித்தை உண்டு: சத்தம். கையுறையின் சரியான இடத்தில் பந்தை வாங்கினால் கொட்டகையே அதிரும்படி வெடிக்கும். அதைக் கேட்டதும் எறிபவனின் நெஞ்சு நிமிரும், பயிற்சியாளரின் முகம் மலரும். முரோயின் கையில் சுமாரான பந்துகூட நல்ல பந்தாகக் கேட்கும். இருபது ஆண்டு அதில்தான் அவர் வயிறு கழுவினார்.

பிப்ரவரி பயிற்சி முகாமுக்கு மியாசாகி நகரம் போன நான்காம் நாள், காலை உணவு மேசையில் அவர் ஒன்றைக் கவனித்தார். அணியின் முதன்மைப் பந்துவீச்சாளன் ஒரிபே, நாட்டோ என்னும் புளித்த சோயாப் பொட்டலத்தின் மூலையைப் பல்லால் கிழித்தான். முந்தைய நாளும் அப்படித்தான். வலது கையின் கடைசி இரண்டு விரல்களை அவன் பயன்படுத்தவே இல்லை.

ஒரிபேயை நாடே அறியும். பதினேழு வயதில், கோடைகாலப் பள்ளிப் போட்டியில், பதினோரு நாளில் எழுநூற்று இருபது பந்து எறிந்தவன். இறுதி ஆட்டத்தில் முழங்கையைப் பிடித்தபடி அவன் பந்தெறியும் மேட்டில் ஏற, தொலைக்காட்சிக்கு முன்னால் லட்சக்கணக்கானோர் அழுதார்கள். முரோயும் அழுதார். அந்தக் கண்ணீரை நினைத்தால் இப்போது அவருக்கே கூசுகிறது. பிள்ளையின் கை கிழிவதைப் பார்த்து உருகிவிட்டு, சேனலை மாற்றிக்கொண்டு சாப்பிடப் போன நாடு இது.

இப்போது ஒரிபேக்கு இருபத்து நான்கு. இந்த ஆண்டு நன்றாக எறிந்தால் குளிர்காலத்தில் அமெரிக்கா போகலாம் என்று அணி வாய்மொழியாகச் சொல்லியிருந்தது. அங்கிருந்து ஆள் பார்க்க வந்தவர்கள் மூன்று பேர், வேகமானியோடு வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று பார்த்து, இருநூற்று ஐம்பது பந்து என்று அறிவித்தார் பந்துவீச்சுப் பயிற்சியாளர் தோபாஷி. முகாமில் ஒரு நாள் இப்படி எறிந்தே ஆக வேண்டும் என்பது வழக்கம். உடம்பில் பலம் தீர்ந்த பிறகுதான் சரியான வீச்சு வருமாம். தோபாஷி தன் காலத்தில் ஒரே நாளில் முந்நூறு எறிந்தவர். இன்று அவரால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. சட்டையை ஆணியில் மாட்டுவதுகூட இடது கையால். அணியில் எல்லோருக்கும் இது தெரியும், யாரும் பேச மாட்டார்கள். வலியைத் தாங்கினால் கை உறுதிப்படும் என்பதற்கு அந்தக் கையைவிட வேறென்ன மறுப்பு வேண்டும்? ஆனால் சான்று கேட்பதே இங்கே மரியாதைக் குறைவு.

தொடங்குமுன் ஒரிபே கிட்டே வந்து குனிந்தான்.

“அண்ணே, அவங்க பாக்குறாங்க. சத்தம் நல்லா வரட்டும்.”

“கை எப்படிடா இருக்கு?”

“கை கெடக்கட்டும். நீங்க சத்தத்தப் பாருங்க.”

முதல் நூறு பந்துக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வலையோரம் நின்ற ரசிகர்கள் ஒவ்வொரு வெடிப்புக்கும் ஆஹா போட்டார்கள். நூற்று முப்பதில், கையுறையில் ஆள்காட்டி விரலின் அடியில் விழ வேண்டிய பந்து கட்டைவிரல் பக்கம் சரிந்து வந்தது. முரோய் கையை நகர்த்தி வாங்கினார்; வெடித்தது. நூற்று நாற்பதில் ஒவ்வொரு பந்துக்கும் பிறகு ஒரிபே கையைத் தொடையில் தேய்க்கத் தொடங்கினான். குளிர் காற்றில் வியர்வை ஏது? மரத்த விரல்களைத்தான் எழுப்புகிறான்.

தோபாஷி முதுகைக் காட்டிக்கொண்டு நிருபர்களோடு பேசிக்கொண்டிருந்தார். அவருக்குக் காதே போதும். “கேட்டீங்களா சத்தத்த? நூத்தம்பது பந்துக்கு மேலயும் எப்படி வருது பாருங்க” என்றார்.

முரோய்க்கு அப்போதுதான் உறைத்தது. அந்தச் சத்தம் ஒரிபேயின் கையிலிருந்து வரவில்லை, தன் கையிலிருந்து வருகிறது. இருபது ஆண்டுகளாக எத்தனை கைகளின் அலறலை இப்படி மூடியிருப்போம் என்று அவர் எண்ணிப் பார்த்தார்; எண்ண முடியவில்லை. நிறுத்தச் சொன்னால் மூன்று அமெரிக்கர்களின் கண்ணெதிரே பையனின் பயணம் கெட்டுப்போகும். சொல்லாவிட்டால் கையே போய்விடும்.

நூற்று அறுபத்து மூன்றாவது பந்தை அவர் உள்ளங்கையில் சும்மா வாங்கினார். ஈரத் துணி விழுந்த மாதிரி ஒரு சத்தம். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

தோபாஷி திரும்பினார். “என்ன, சுவர் தூங்குதா?”

ஒரிபேயின் கண் எரிந்தது. கோபத்தில் இன்னும் வேகமாக எறிய முயன்றான். அது இன்னும் ஆபத்து. நூற்று எழுபத்திரண்டாவது பந்து தரையில் குத்தி முரோயின் முழங்காலில் மோதியது. அவர் அதை எடுத்தார். முகக்கவசத்தைக் கழற்றினார். பந்தைக் காற்சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்.

வலையோரம் ரசிகர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“பந்தக் குடு” என்றார் தோபாஷி.

“இன்னைக்குப் போதும் சார்.”

“போதுமா இல்லையான்னு சொல்ல நான் இருக்கேன். சுவருக்கு எப்பய்யா வாய் முளைச்சுது?”

தோபாஷி கூடையிலிருந்து வேறு பந்தை எடுத்து ஒரிபேயிடம் நீட்டினார். அவனும் வாங்கிக்கொண்டான். முரோய் விறுவிறுவென்று நடந்து அவன் எதிரே போய் நின்றார்.

“என் வாழ்க்கைய கெடுக்காதீங்கண்ணே” என்றான் ஒரிபே, பல்லைக் கடித்தபடி. “அவங்க எழுதிக்கிட்டிருக்காங்க.”

“எழுதட்டும். ஒரே ஒரு சோதனை. தேறிட்டா நான் போய் உக்காந்துக்கிறேன், எண்பது பந்தும் பட்டாசு மாதிரி வெடிக்கும். கண்ண மூடு. எந்த வெரலக் கிள்றேன்னு சொல்லு.”

ஒரிபே அலட்சியமாகக் கண்ணை மூடி வலது கையை நீட்டினான். முரோய் அவனுடைய சுண்டு விரலை நகம் பதியக் கிள்ளினார். தோல் வெளுத்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோபாஷியும்தான்.

ஒரிபே காத்திருந்தான். பிறகு பொறுமையிழந்து சொன்னான்:

“கிள்ளுங்கண்ணே. ஏன் நிக்கிறீங்க?”

முரோய் விரலை விட்டார். அவன் கண்ணைத் திறந்தான். தன் விரலில் பிறைபோலப் பதிந்திருந்த நகத்தடத்தைப் பார்த்தான். மறு கையிலிருந்த பந்து நழுவி விழுந்தது. வலைக்குப் பின்னால் மூத்த அமெரிக்கர் வேகமானியை மடியில் வைத்துவிட்டுக் குறிப்பேட்டை மூடினார்.

மருத்துவர் படம் எடுத்துப் பார்த்தார். முழங்கை நரம்பு நசுங்கியிருந்தது, மூட்டின் தசைநார் பாதி நைந்திருந்தது. அறுவை வேண்டாம், நான்கு மாதம் ஓய்வு போதும். அன்று இன்னும் கொஞ்சம் எறிந்திருந்தால் கதை வேறு என்றார். அந்தக் குளிர்காலத்தில் ஒரிபே அமெரிக்கா போகவில்லை. அந்த ஆண்டு முழுக்க முரோயோடு அவன் பேசவும் இல்லை. இலையுதிர்காலத்தில் முரோயின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அணியின் ஒழுங்கைக் குலைத்தாராம். தோபாஷிக்குப் பதவி உயர்வு.

முரோய் இப்போது ஒரு மழலையர் பள்ளிக்குப் பேருந்து ஓட்டுகிறார். இரண்டு ஆண்டு கழித்து, ஏப்ரல் மாதத்துக் காலையொன்றில், குழந்தைகளை இறக்கிவிட்டுப் பேருந்தை ஓரங்கட்டி, கைபேசியில் ஒரிபேயின் முதல் அமெரிக்க ஆட்டத்தைப் பார்த்தார். ஆறாவது சுற்று, தொண்ணூற்று ஒன்றாவது பந்து. மேலாளர் மேட்டுக்கு நடந்து வந்து கையை நீட்டினார். ஒரிபே மறுபேச்சில்லாமல் பந்தைக் கொடுத்தான். போகும்போது வலது கையின் சுண்டு விரலைத் தானே ஒரு முறை கிள்ளிக்கொண்டான். கேமரா அதைக் காட்டியது. நம் ஊர் வர்ணனையாளர்களுக்குப் புரியவில்லை. “இன்னும் எறிஞ்சிருக்கலாமே, பாவம்” என்று அங்கலாய்த்தார்கள். முரோய் ஒலியைக் குறைத்தார். கண்ணில் நீர் வந்தது. இந்த முறை அவருக்குக் கூசவில்லை.

அவன் அங்கே வெல்வானா? தெரியாது. ஒரு ஆட்டத்தை வைத்து யாரும் சொல்ல முடியாது. வெல்வதற்கோ தோற்பதற்கோ அவனிடம் ஒரு கை மிச்சமிருக்கிறது, அவ்வளவுதான்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை எந்தப் பள்ளி மைதானத்திலாவது ஒரு பிள்ளை வலியோடு எறிவதைக் கண்டால், அதை வீரம் என்று கைதட்டாதீர்கள். பந்துகளை எண்ணுங்கள். அளவு மீறினால் எழுந்து நின்று, எல்லோர் காதிலும் விழும்படி, “போதும், இறக்குங்கள்” என்று சொல்லுங்கள்.