அந்தக் கறுப்பு எண்ணெய் யாருடையது

யுத்த காலத்தில் ஒருநாள் விடியலில் எங்கள் மரக்காணத்துக் கரை கறுப்பாகக் கிடந்தது. ஏதோ ஒரு கப்பலிலிருந்து கொட்டிய எண்ணெய் தாராகத் திரண்டு ஒதுங்கியிருந்தது. கடலில் போட்டிருந்த என் கணவரின் வலையும் அதில் ஊறிவிட்டது.

பெரிய ஊராயிற்றே என்று திண்டிவனத்தில் ரயிலேறி விழுப்புரம் போய் அதிகாரியிடம் முறையிட்டோம். மரக்காணம் திண்டிவனம் தாலுக்கா, அங்கே கேளுங்கள் என்று அனுப்பிவிட்டார். மறுநாள் வலையையே சுமந்துபோய்த் திண்டிவனம் தாலுக்கா ஆபீஸ் தாழ்வாரத்தில் இறக்கினோம்.

“கடலு எங்க பொறுப்பு இல்லம்மா. கப்பல்காரனைக் கேளுங்க” என்றார் குமாஸ்தா.

“அவன் எங்க இருக்கான், சொல்லுங்க. போய்க் கேக்குறோம்” என்றேன்.

“எனக்கெப்படித் தெரியும்?”

அலுத்துப்போய் வலையைத் தூக்கினோம். தரையெல்லாம் தார். சேவகன் வழிமறித்தான்.

“தொடைச்சிட்டுப் போங்க. சிந்தினவங்கதான் சுத்தம் பண்ணணும்.”

“இதத்தான்யா நாங்களும் ரெண்டு நாளா கேட்டுக்கினு இருக்கோம்” என்றார் என் கணவர்.

எரிச்சலோடு மணலைப் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் வந்தேன்.

கரையைப் பார்க்க யாரும் வரவில்லை. நாங்களே தாரைக் கூடையில் வாரிக் குழியில் புதைத்தோம். வலை தேறவில்லை. அந்தப் பருவம் முழுக்க அவர் அடுத்தவர் படகில் கூலிக்குப் போனார்.