சிவப்பா பச்சையா

என் அத்தானுக்கு, அதாவது அக்கா புருஷனுக்கு, சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். கல்யாணமான புதிதில் ஒரு மழை நாளில் என் சிவப்புக் குடையை எடுத்து நீட்டி, "இந்தா, உன் பச்சைக் குடை" என்றார். கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்து நானும் பதிலுக்கு வாயாடினேன். அக்கா என் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். "வாயை மூடுடி. வெளியில யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதே" என்றாள். அன்றிலிருந்து அது எங்கள் மூன்று பேரோடு நின்றது.

அத்தான் விமான மெக்கானிக். பயணிகளை ஏற்றிப் போகிற ஒரு விமான சர்வீஸில் வேலை. விமானத்தை நிறுத்திப் பழுது பார்க்கிற ஹேங்கர்தான் அவருக்கு உலகம். நிறம் தெரியாதவரை அங்கே எதையும் தொட விடமாட்டார்கள். சேரும்போது கண் சோதனையில் காட்டுகிற, எண் மறைந்திருக்கும் நிறப் புள்ளிப் படங்களை வரிசையாக மனப்பாடம் பண்ணி ஒப்பித்துவிட்டார். அப்புறம் வந்த சோதனைகளிலும் அதே பாட்டுதான். செய்தது தப்பு, அதை நான் இல்லையென்று சொல்லவே மாட்டேன். ஆனால் அவர் கைபட்ட விமானம் ஒன்றுகூடக் கோளாறு என்று திரும்பி வந்ததில்லை. காய் வாங்க அனுப்பினால் மட்டும் பழுக்காத தக்காளியாகப் பொறுக்கிக்கொண்டு வருவார். அக்காவும் சிரித்துக்கொண்டே அதைக் கூடையில் பழுக்கப் போடுவாள்.

"எப்படி அத்தான் சமாளிக்கிறீங்க?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"விமானம் கட்டினவன் என்னை மாதிரி ஆளையும் நினைச்சுத்தான் கட்டியிருக்கான். ஒவ்வொரு ஒயர்லயும் நம்பர் இருக்கும். புத்தகத்துல ஆபத்தான இடம் வந்தா, கட்டம் கட்டி 'எச்சரிக்கை'ன்னு எழுதியிருக்கும். நிறத்தை மட்டும் நம்பி எதையும் விட்டு வைக்க மாட்டான்."

அக்கா வேலை பார்த்தது விமானம் செய்கிற கம்பெனியில். நட்டு போல்ட்டு முடுக்கும் வேலை இல்லை, கம்பெனிக்கு இணையப் பக்கம் கட்டுகிற வேலை. அவள் கம்பெனிக்கும் எதிர்க் கம்பெனிக்கும் எலிக்கும் பூனைக்கும் உள்ள உறவு. இவன் றெக்கையை நீட்டினால் மறு வருஷம் அவனும் நீட்டுவான். இவன் எரிபொருள் மிச்சம் என்றால் அவன் அதைவிட மிச்சம் என்பான். விமானம் விற்பது சோப்பு விற்பது மாதிரி இல்லை. ஒருமுறை வாங்கிவிட்டால் விமானி பழகியது, மெக்கானிக் பழகியது, உதிரிப் பாகம் எல்லாம் அந்தக் கம்பெனியோடு ஒட்டிக்கொண்டுவிடும். கல்யாணம் மாதிரிதான், லேசில் பிரிய முடியாது. அதனால் முதல் ஆர்டருக்கு அடித்துக்கொள்வார்கள்.

இரண்டு விமானமும் ஏறக்குறைய ஒன்று என்று ஆனபிறகு, போட்டி பழுதுபார்க்கிற புத்தகத்துக்கு வந்தது. தலையணை தலையணையாக இருக்கிற புத்தகத்தை எல்லாம் இணையப் பக்கமாக்கி மெக்கானிக் கையில் டேப்லெட்டில் கொடுத்துவிட வேண்டும். எவன் முந்திக்கொள்கிறானோ அவனுக்கு மவுசு. இதில் அத்தான் வேலை பார்த்த சர்வீஸே புது விமானங்கள் வாங்கப் போகிறது என்று செய்தி வந்ததும், அக்காவின் மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை.

பக்கத்தை அலங்காரம் பண்ண வந்த ஒருவன், எழுத்து அதிகமாக இருந்தால் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்றானாம். 'எச்சரிக்கை' என்ற சொல்லையும் கட்டத்தையும் தூக்கிவிட்டு ஓரமாக ஒரு பட்டை வைத்தான். பச்சைப் பட்டை என்றால் மேலே போகலாம். சிவப்பு என்றால் நின்று, பாதுகாப்பு செய்துவிட்டுத்தான் போக வேண்டும். அவ்வளவுதான். ஒரு சொல் கிடையாது.

அக்கா எதிர்த்தாள். இணையப் பக்கம் கட்டுகிறவர்களுக்கென்று பொதுவாக ஒத்துக்கொண்ட விதிகள் இருக்கின்றன. நிறத்தை மட்டும் வைத்து எதையும் சொல்லக் கூடாது என்பது அதில் ஒன்று. அதைச் சொன்னாள்.

"விதியெல்லாம் இருக்கட்டும்மா" என்றார் மேனேஜர். "அவன் அடுத்த மாசம் காட்டப் போறான். நாம அதுக்கு முன்னாடி காட்டியாகணும். கண் டெஸ்ட் பண்ணித்தானே மெக்கானிக்கை எடுக்கிறாங்க? நிறம் தெரியாத ஒரே ஒருத்தரைக் காட்டுங்க, இன்னிக்கே மாத்திடறேன்."

அன்று சாயங்காலம் நான் அக்கா வீட்டில் இருந்தேன். அவள் சாப்பிட உட்காரவில்லை. "அந்த ஒருத்தர் இதோ தட்டுக்கு முன்னாடி உட்கார்ந்திருக்கார். நான் எப்படிடி காட்டுவேன்?" என்றாள். காட்டினால் அவர் வேலை போகும். காட்டாவிட்டால் எவன் கையோ போகும். அத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்தப் பக்கத்தைச் சோதிச்சுப் பார்க்க எங்க ஹேங்கர்லேருந்து என்னையும் எழுதியிருக்காங்க" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "லீவு போட்டுட்டுப் பேசாம வீட்டுல கிடங்க அத்தான். ஊர் உலகத்துக்கெல்லாம் நீங்கதான் பொறுப்பா?" என்று கத்தினேன். அக்காவும் கெஞ்சினாள். "பார்ப்போம்" என்று கை கழுவ எழுந்து போய்விட்டார்.

மற்றது அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். காலையில் ஹேங்கரில் எல்லோரும் கூடியிருக்கிறார்கள். மேனேஜர், அக்கா, விமான சர்வீஸின் தலைமை இன்ஜினியர். விமானத்தின் சக்கரக் கூட்டை மூடுகிற கதவில் வேலை. அது திடீரென்று மூடினால் கையை நசுக்கிவிடும். உள்ளே கையை விடுவதற்கு முன் லாக் பின்னைச் சொருகிக் கதவை நிறுத்தி வைக்க வேண்டும். இது அத்தானுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் வரும். பின் அவர் கையிலேயே இருந்தது. சொருகிவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தால் ஒரு ஈ காக்காய்க்கும் தெரிந்திருக்காது. போய்விடணும், போய்விடணும் என்று அக்கா மனசுக்குள் வேண்டிக்கொண்டே நின்றாளாம்.

அவர் டேப்லெட்டைத் தாழ்த்தினார். "சார், இந்த இடத்துல நிக்கணுமா, போகணுமா? எனக்குத் தெரியல."

"சிவப்புப் பட்டை இருக்கே" என்றார் இன்ஜினியர்.

"எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான் சார். சேர்ந்த நாள்லேருந்தே."

இன்ஜினியர் அவரை ஏற இறங்கப் பார்த்து, "அப்புறம் எப்படிய்யா இத்தனை வருஷம் வேலை பார்த்தே?" என்றார்.

"புத்தகத்துல எழுதியிருந்துச்சு சார். இதுல எழுதல."

அன்றைக்கே அவரை விமானத்திலிருந்து விலக்கினார்கள். ஏமாற்றியதற்கு வீட்டுக்கே அனுப்பியிருப்பார்கள். இன்ஜினியர் மல்லுக்கட்டி டூல் ரூமில் போட வைத்தார். கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குக் கருவிகளை எடுத்துக் கொடுக்கிற வேலை.

அக்கா பக்கத்தைத் திரும்பக் கட்டினாள். அதற்குள் எதிர்க் கம்பெனி முந்திக்கொண்டு வந்து தன் பக்கத்தைக் காட்டியது. அங்கேயும் அதே பட்டைதான். "நிறம் தெரியாதவன் இதை எப்படிப் படிப்பான்?" என்று இன்ஜினியர் கேட்டாராம். ஆர்டர் அக்கா கம்பெனிக்கு வந்தது. மேனேஜருக்குப் பதவி உயர்வு. அதற்கப்புறம் அந்த மனிதர் போகிற இடமெல்லாம், "எங்க பக்கத்தை யார் வேணும்னாலும் படிக்கலாம்" என்று சொல்லித்தான் விமானம் விற்றார். தன் சொந்த யோசனை மாதிரி! அடப்பாவி என்று வயிறெரிந்தேன்.

அத்தானிடமும் பொரிந்து தள்ளினேன். "பின்னைச் சொருகிட்டுப் போயிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

"எனக்கு மனப்பாடம். நேத்து சேர்ந்தவனுக்கு? புள்ளிப் படத்தை ஒப்பிச்சிட்டு வந்தவன் நான் ஒருத்தன்தானா?" என்றார். அப்புறம், "ஒருத்தன் கை போயிருந்தா, உங்கக்கா கட்டின பக்கத்தால போச்சுன்னு ஆயிருக்கும். அதை அவ தாங்குவாளாம்மா?" என்றார். அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

அப்புறம் ஒருநாள், அவர் மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க ஹேங்கருக்குப் போனேன். டூல் ரூம் ஜன்னலில் ஒரு மெக்கானிக் டேப்லெட்டை வைத்து எதையோ சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். அக்கா கட்டிய பக்கம். கறுப்புக் கட்டத்துக்குள் கொட்டை எழுத்தில் 'நில்' என்று இருந்தது. அத்தான் குனிந்து, அதை வாய்விட்டுப் படித்தார். எழுந்து போய் ஒரு லாக் பின்னை எடுத்து வந்து நீட்டினார்.

அவன் வாங்கிக்கொண்டு போய், விமானத்தின் வயிற்றுக்கடியில் பின்னைச் சொருகிவிட்டு உள்ளே கையை விடும்வரை அத்தான் வலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றார். தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தது. அதைத் தாண்டிப் போக அவருக்கு அனுமதி இல்லை.